திண்ணை முதல் அடுக்களை வரை

ஜனங்களுடைய மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டறிவது இக்காலத்தில் ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்துவிட்டது. தேர்தல் வந்தால் போதும். எந்தக் கட்சிக்கு எத்தனை ஸ்தானம், எந்தத் தலைவருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று நாளுக்கொரு கணக்கு வெளியாகிறது. அந்தக் கணக்குகள் பலிப்பதும் உண்டு. பொய்த்துப் போவதும் உண்டு. 2004-ஆம் வருஷத்திலும், மறுபடி 2024-ஆம் வருஷத்திலும், பாராளுமன்றத் தேர்தலைப் பற்றிச் சொல்லப்பட்ட ஜோசியங்களில் பெரும்பாலானவை வெகுவாய்த் தவறிப்போனதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகையால் ‘கருத்துக் கணிப்பு’ என்ற பேச்சை எடுத்தாலே சிரிக்கிறவர்கள் நம்மிடையே அநேகர் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சாஸ்திரத்துக்கு வேறொரு பிரயோஜனம் இருக்கிறது. யார் ஜெயிப்பார்கள் என்பதை அது சரியாகச் சொல்லாமற் போகட்டும். நாம் எப்படிப்பட்டவர்கள் என்பதை அது சில சமயங்களில் மிகவும் சரியாகச் சொல்லிவிடுகிறது. மேடையில் ஏறினால் நாம் எல்லோரும் சமத்துவவாதிகள். பத்திரிகைக்கு எழுதினால் எல்லோரும் விசால இருதயம் படைத்தவர்கள். வீட்டு வாசலில் நின்று, முன்பின் தெரியாத ஒருவர் கையில் காகிதத்துடன் பத்துக் கேள்விகளைக் கேட்கும்போதுதான், நம் மனத்தின் மூலை முடுக்குகளில் கிடப்பவை மெள்ள வெளியே வருகின்றன. அப்படி வெளிவந்தவை யாவை, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று இங்கே சற்று ஆராய்வோம்.

ஒரு பானைச் சோறு

கோடிக்கணக்கான ஜனங்கள் உள்ள தேசத்தில் சில ஆயிரம் பேரை மட்டும் கேட்டுவிட்டு, ‘இதுதான் தேசத்தின் அபிப்பிராயம்’ என்று சொல்வது எப்படி நியாயமாகும்? நம்மிடம் படிக்கும் மாணவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. அதற்குப் பதிலை நம் பாட்டிமார் என்றைக்கோ சொல்லிவிட்டார்கள்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

ஆனால் பாட்டிமார் வாயால் சொல்லாமல் கையால் செய்து காட்டிய இன்னொரு விஷயமும் உண்டு. அவர்கள் கரண்டியைப் பானையின் அடிவரைக்கும் விட்டு ஒரு துழாவு துழாவிய பிறகுதான் பதம் பார்ப்பார்கள். அடியில் குழைந்தும் மேலே அரிசியாகவும் நிற்கிற பானையில், மேலாக எடுத்த பருக்கை பொய்தான் சொல்லும்.

அமெரிக்காவில் 1936-ஆம் வருஷம் இந்த உண்மை வெகு வேடிக்கையாக நிரூபணமாயிற்று. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பிரபல பத்திரிகை, ஜனாதிபதித் தேர்தலில் யார் வெல்வார் என்று அறிவதற்காக ஒரு கோடிப் பேருக்குத் தபால் அட்டைகளை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் அதிகமான பதில்கள் வந்து குவிந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, லாண்டன் என்பவரே வெல்வார் என்று பத்திரிகை முழங்கியது. ஜார்ஜ் காலப் என்பவரோ மிகச் சிறிய தொகையினரை, ஆனால் எல்லா வகுப்புகளிலிருந்தும் பொறுக்கி எடுத்துக் கேட்டு, ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். ரூஸ்வெல்ட் பெரும் வெற்றி பெற்றார். லிட்டரரி டைஜஸ்ட் செய்த பிழை யாதெனில், டெலிபோன் புத்தகத்திலிருந்தும் மோட்டார் வண்டி வைத்திருப்போர் ஜாபிதாவிலிருந்தும் விலாசங்களை எடுத்ததுதான். டெலிபோனும் மோட்டாரும் இல்லாத ஏழைகள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை; பதில் எழுத வேண்டுமென்ற ஆத்திரம் உள்ளவர்களே அதிகமாய்ப் பதில் எழுதினார்கள். பானையைத் துழாவாமல் இருபது லட்சம் பருக்கைகளை மேலாக அள்ளியும் பயனில்லை.

இந்த வித்தையில் நம் தேசமும் பிற்பட்டிருக்கவில்லை. 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஸ்தாபித்த மஹலநோபிஸ் அவர்கள், வங்காளத்தில் விளையும் சணலின் அளவைச் சில வயல்களை மட்டும் அளந்தே கணக்கிட்டுக் காட்டினார். அவர் காட்டிய வழியில்தான் 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு ஆரம்பமாயிற்று. சணலை அளக்கலாம், சரி. மனிதனுடைய துவேஷத்தை அளக்க முடியுமா? அதற்கும் நம் மாகாணத்திலேயே ஒரு முன்னோடி இருக்கிறது.

பொன்னானியில் எடுத்த வாக்கு

அமெரிக்காவில் காலப் தமது நிலையத்தை ஆரம்பித்தது 1935-ல். அதற்கு மூன்று வருஷம் முந்தியே, அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபார் ஜில்லாவில், பொன்னானி தாலூகாவில், வீடு வீடாகச் சென்று ஜனங்களின் அபிப்பிராயத்தை எழுதி வாங்கினார்கள். கேட்கப்பட்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான்: குருவாயூர்க் கோயிலுக்குள் தீண்டாதார் எனப்பட்டவர்கள் பிரவேசிக்க உமக்குச் சம்மதமா, இல்லையா?

அந்தச் சரித்திரம் பலருக்கு நினைவிருக்கும். 1932 செப்டம்பரில் கேளப்பன் அவர்கள் குருவாயூரில் உண்ணாவிரதம் தொடங்கினார். காந்தியடிகள் எரவாடாச் சிறையிலிருந்து வேண்டிக்கொண்டதன் பேரில் அதை நிறுத்தி வைத்தார். கோயிலின் தர்மகர்த்தாவாகிய சாமூதிரி ராஜாவும் வைதிகர்களும், கோயிலுக்குச் செல்கிற ஜனங்கள் இதை விரும்பவில்லை என்று சாதித்தார்கள். ‘விரும்புகிறார்களா இல்லையா என்று அவர்களையே கேட்டுவிடுவோம்’ என்று தேசீயவாதிகள் கிளம்பினார்கள். ராஜாஜி முதலிய தலைவர்கள் இந்த வேலையில் முன்னின்றார்கள்.

கோயிலுக்குச் செல்லும் உரிமையுள்ள 27,465 பேர் கணக்கில் எடுக்கப்பட்டார்கள். அவர்களில் 20,163 பேர் தங்கள் அபிப்பிராயத்தைப் பதிவு செய்தார்கள். பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு 77 பேர் பிரவேசத்துக்குச் சம்மதம் என்றார்கள். சம்மதித்தவர்களில் எண்ணாயிரத்துக்கும் அதிகமானோர் ஸ்திரீகள். ‘பெண்பிள்ளைகள்தான் ஆசாரத்தை விடமாட்டார்கள்’ என்று திண்ணையில் உட்கார்ந்து பேசிய புருஷர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் கண்ணால் இதையே இன்னொரு தரம் பார்ப்போம். வாக்களிக்காதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், நூற்றுக்கு 56 பேர் சம்மதம். 9 பேர் விரோதம். 8 பேர் நடுநிலை. 27 பேர் வாயே திறக்கவில்லை. 77 என்பதும் மெய். 56 என்பதும் மெய். ஒரே வாக்கெடுப்பிலிருந்து இரண்டு எண்களும் பிறந்தன. கருத்துக் கணிப்பு எதையேனும் பத்திரிகையில் படிக்கும்போது, ‘யாரில் நூற்றுக்கு இத்தனை?’ என்று கேட்டுக்கொள்வது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

இந்த வாக்கெடுப்பில் இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. கோயிலுக்கு உள்ளே இருந்தவர்களைக் கேட்டார்கள். வெளியே நிறுத்தப்பட்டவர்களைக் கேட்கவில்லை. வைதிகர்களின் வாதத்துக்கு விடை சொல்வதே அன்றைய நோக்கமாதலால் அப்படிச் செய்ய நேர்ந்தது. ஆயினும் யாருடைய கௌரவத்தைப் பற்றி வாக்கு எடுக்கப்பட்டதோ, அவர்களுக்கு அதில் வாக்கு இல்லை. நாளது வரையில் எத்தனையோ கணிப்புகளில் இந்தக் குறை தொடர்ந்து வருகிறது.

முடிவு என்ன ஆயிற்று? நூற்றுக்கு 77 பேர் சம்மதித்த மறுநாளே கதவு திறந்துவிடவில்லை. சட்டம் குறுக்கே நின்றது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் அவர்கள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றது 1939 ஜூலையில். குருவாயூர்க் கதவு எல்லோருக்கும் திறந்தது 1947-ல்தான். வாக்குக்கும் கதவுக்கும் நடுவே பதினைந்து வருஷங்கள்!

துவேஷத்தின் அளவுகோல்

பொன்னானியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். ஆனால் துவேஷம் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. அதை அளப்பதற்கு அமெரிக்காவில் பொகார்டஸ் என்ற சமூகவியல் ஆசிரியர் 1920-களில் ஒரு படிக்கட்டைச் சிருஷ்டித்தார். ‘இன்ன இனத்தாரை உமக்குப் பிடிக்குமா?’ என்று அவர் கேட்கவில்லை. ‘இவர்கள் உம்முடைய தேசத்தில் வசிக்கலாமா? உம்முடன் வேலை செய்யலாமா? அடுத்த வீட்டில் குடியிருக்கலாமா? நண்பராகலாமா? கல்யாணத்தினால் உறவினராகலாமா?’ என்று படிப்படியாகக் கேட்டார். எந்தப் படியில் மனிதன் கையை நீட்டி மறிக்கிறான் என்பதுதான் துவேஷத்தின் அளவு.

நமக்கு இந்தப் படிக்கட்டு புதிதல்ல. நம் பழைய வீடுகளின் அமைப்பே இதுதான். தெருவில் போகலாம் என்று சிலருக்கு அனுமதி, வாசல்வரையில் சிலருக்கு, திண்ணையில் உட்காரச் சிலருக்கு, கூடத்துக்குள் வரச் சிலருக்கு, அடுக்களைக்குள் நுழைய மிகச் சிலருக்கு, மணவறைக்கு ஒரே ஒரு வகுப்பாருக்கு. இன்று திண்ணைகள் இடிபட்டு அடுக்கு மாடிகள் எழும்பிவிட்டன. மனத்துக்குள் இருக்கும் திண்ணை இடிந்ததா என்பதே கேள்வி.

2019-ஆம் வருஷ முடிவிலும் 2020-ஆம் வருஷ ஆரம்பத்திலும், அமெரிக்காவிலுள்ள ‘பியூ’ ஆராய்ச்சி நிலையத்தார் நம் தேசத்தில் ஏறக்குறைய முப்பதாயிரம் பேரை, பதினேழு பாஷைகளில், நேரில் சந்தித்துக் கேட்டார்கள். 1921-ல் அல்ல, 2021-ல் வெளியான முடிவுகள் இவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். உண்மையான இந்தியனாக இருப்பதற்கு எல்லா மதங்களையும் மதிப்பது மிகவும் முக்கியம் என்று நூற்றுக்கு 84 பேர் சொன்னார்கள். கேட்கும்போதே உள்ளம் பூரிக்கிறது. அடுத்த படிக்கு வருவோம். அண்டை வீட்டில் முஸ்லிம் ஒருவர் குடியிருப்பதற்குச் சம்மதமில்லை என்று ஹிந்துக்களில் நூற்றுக்கு 36 பேர் சொன்னார்கள். அதற்கும் மேற்படி கல்யாணம். தங்கள் மதத்துப் பெண்கள் வேறு மதத்தில் மணம் செய்துகொள்வதைத் தடுப்பது மிகவும் முக்கியம் என்றவர்கள் ஹிந்துக்களில் நூற்றுக்கு 67. முஸ்லிம்களில் நூற்றுக்கு 80. ஜாதி விஷயத்திலும் அப்படியே. பெண்கள் ஜாதி விட்டு மணப்பதைத் தடுக்கவேண்டும் என்போர் 64. ஆண்களைத் தடுக்கவேண்டும் என்போர் 62.

இந்த எண்களைப் பார்த்து நம் ஜனங்களைக் கபடதாரிகள் என்று சொல்லிவிடலாகாது. மதிப்பது வேறு, கலப்பது வேறு என்றே பெரும்பாலோர் உண்மையாக எண்ணுகிறார்கள். ‘நீ உன் வீட்டில் சுகமாயிரு, நான் என் வீட்டில் சுகமாயிருக்கிறேன்’ என்பதே நம்மவர் கண்ட சமரசம். சண்டையில்லாமல் வாழ அது உதவுகிறது என்பது வாஸ்தவமே. ஆனால் அந்தச் சமரசத்தில் ஒருவனுக்குக் கூடமும் இன்னொருவனுக்குத் தெருவும் கிடைத்திருப்பதுதான் சங்கடம்.

அடுக்களைக் கேள்வி

கேள்வியைக் கேட்கும் விதத்தில் எவ்வளவு சூக்ஷ்மம் இருக்கிறது என்பதற்கு 2011-12-ல் நடந்த இந்திய மனிதவள ஆய்வு தக்க சாட்சி. டில்லியிலுள்ள தேசியப் பொருளாதார ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் மேரிலாந்து சர்வகலாசாலையும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வில் நாற்பத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் கேட்கப்பட்டன. முதற் கேள்வி நேரானது: ‘உங்கள் குடும்பத்தில் யாராவது தீண்டாமை பாராட்டுகிறார்களா?’ இல்லை என்று சொன்னவர்களை அப்படியே விட்டுவிடாமல் இரண்டாவது கேள்வி கேட்டார்கள்: ‘தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் உங்கள் அடுக்களைக்குள் வந்தால், உங்கள் பாத்திரத்தைப் புழங்கினால், ஆட்சேபம் உண்டா?’

இந்த இரண்டிலும் அகப்பட்டவர்களைக் கூட்டினால், தேசமுழுதும் நூற்றுக்கு 27 குடும்பங்கள். கிராமங்களில் 30, பட்டணங்களில் 20. மத்தியப் பிரதேசத்தில் 53. கேரளத்தில் 2, மேற்கு வங்காளத்தில் 1. வகுப்புவாரியாகப் பார்த்தால் பிராம்மணக் குடும்பங்களில் நூற்றுக்கு 52, பிற்பட்ட வகுப்புகளில் 33, தாழ்த்தப்பட்டோரிலேயேகூட 15. தம்மைவிடத் தாழ்ந்தவர் என்று ஒருவரைக் கண்டுபிடித்துத் தள்ளி நிறுத்தும் வியாதி எந்த ஒரு ஜாதியின் தனிச் சொத்தும் அல்ல என்பதைக் கடைசி எண் காட்டுகிறது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-ஆம் வருஷச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அப்படியிருந்தும், முன்பின் அறியாத ஓர் அந்நியரிடம், நாலில் ஒரு குடும்பம் ‘ஆம், பாராட்டுகிறோம்’ என்று சொல்லியிருக்கிறது! குற்றத்தைக் குற்றமென்று உணராததனால்தான் இவ்வளவு சரளமாகச் சொல்ல முடிந்தது. கேரளத்திலும் வங்காளத்திலும் அப்படிச் சொல்ல நாக்கூசுகிறது. அங்கே நோய் இல்லையென்று அர்த்தமா, அல்லது வெட்கம் வந்திருக்கிறதென்று அர்த்தமா? கணிப்பைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது. ஆனால் வெட்கம் வருவதும் ஒரு முன்னேற்றந்தான்.

வெட்கத்துக்குத் திரை போட்டுக் கேட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2016 முதல் வடநாட்டில் சில ஆராய்ச்சியாளர்கள் டெலிபோன் மூலம் இதே விஷயத்தை விசாரித்தார்கள். எதிரே ஆள் இல்லை, முகம் தெரியாது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஹிந்துப் பெண்களிடையே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், தாங்களோ தங்கள் குடும்பத்தாரோ தீண்டாமை பாராட்டுவதாகச் சொன்னார்கள். பொன்னானியில் எண்ணாயிரம் ஸ்திரீகள் கதவைத் திறக்கச் சொன்னதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பெண்மனம் இப்படித்தான் என்று எந்த ஒரு எண்ணைக் கொண்டும் முடிவு கட்டலாகாது. ஆசாரக் காவலை அடுக்களைப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு, புருஷர்கள் வெளியே சமத்துவம் பேசுகிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

சொல்லும் செயலும்

இதுவரை கண்டவை எல்லாம் சொற்கள். சொல்லுகிறபடி மனிதர் நடக்கிறார்களா என்பது தனி ஆராய்ச்சி. 1930-களின் ஆரம்பத்தில் லாபியேர் என்ற அமெரிக்க ஆசிரியர் ஒரு சீனத் தம்பதியுடன் தமது தேசமெங்கும் மோட்டாரில் யாத்திரை செய்தார். சீனரிடம் அங்கே அப்போது கடுமையான துவேஷம். ஆயினும் இருநூற்றைம்பது ஹோட்டல், உணவு விடுதிகளுக்குப் போனதில் ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். ஆறு மாதங்கழித்து அதே விடுதிகளுக்கு, ‘சீனரை ஏற்றுக்கொள்வீர்களா?’ என்று கடிதம் எழுதிக் கேட்டபோது, பதில் எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் ‘மாட்டோம்’ என்றார்கள். நேரில் வந்த மனிதனின் முகம், காகிதத்தில் எழுதிய ஜாதிப் பெயரை ஜயித்துவிட்டது.

நம் நாட்டில் விஷயம் தலைகீழ். இங்கே வாய் வரவேற்கும். கை கதவைச் சாத்தும். டில்லியையும் அதைச் சுற்றியுள்ள நகரங்களையும் எடுத்துக்கொண்டு, 2012-ல் ஸுகதேவ் தோரட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரீக்ஷை செய்தார்கள். வாடகை வீடு விளம்பரங்களுக்கு மூன்றுவிதப் பெயர்களில் விசாரணை போயிற்று. உயர் ஜாதிப் பெயருக்கு எல்லாக் கதவுகளும் திறந்தன. தாழ்த்தப்பட்டவர் என்று காட்டும் பெயருக்கு நூற்றுக்குச் சுமார் 18 வீடுகளும், முஸ்லிம் பெயருக்குச் சுமார் 31 வீடுகளும் டெலிபோனிலேயே மறுக்கப்பட்டன. அந்த வீட்டுக்காரர்களை மேடையில் ஏற்றிக் கேட்டிருந்தால் எல்லோரும் சமரசம் பேசியிருப்பார்கள்.

நாம் வசிக்கும் காட்டாங்குளத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பொத்தேரியில் பெரிய சர்வகலாசாலை; மறுபக்கம் மறைமலைநகரில் தொழிற்சாலைகள். ஆந்திரம், கேரளம், பீஹார், அஸ்ஸாம் முதலிய நானா தேசத்து வாலிபர்களும் இந்த ரயில் நிலையங்களில் வந்து இறங்குகிறார்கள். தெருவுக்குத் தெரு ‘வீடு வாடகைக்கு’ என்ற பலகை. வீட்டுக்காரர் யாரைக் கேட்டாலும், ‘எங்களுக்கு ஜாதி வித்தியாசமே கிடையாது’ என்பார். குடித்தனத்துக்கு ஆள் வந்ததும், ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று முதலிலேயே விசாரிக்கிறவர் உண்டு. அப்படிக் கேட்க லஜ்ஜைப்படுகிறவர், ‘சைவந்தானே?’ என்பார். அதைவிட நாசூக்கானவர், சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று க்ஷேமம் விசாரிப்பதுபோல் விசாரிப்பார். தமிழில் ஜாதியைக் கேட்பதற்கு ஜாதி என்ற சொல்லே தேவையில்லை. ‘தீண்டாமை பாராட்டுகிறீர்களா?’ என்று புத்தகத் தமிழில் கேட்கும் கணிப்பாளருக்கு, ‘சேச்சே, அதெல்லாம் அந்தக் காலம்!’ என்ற பதிலே கிடைக்கும். ‘வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கு எந்த டம்ளரில் காப்பி கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்டால் அல்லவா விஷயம் வெளிப்படும்!

ருஷியாவில் பயம், நம்மிடம் உறவு

வெட்கம் மனிதனைப் பொய் சொல்லவைக்கிறது, பயமும் அப்படியே. இதற்குத் தற்கால ருஷியாவே உதாரணம். சோவியத் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1987-ல், மாஸ்கோவில் பொதுஜன அபிப்பிராய ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. அதன் தலைவரானவர் யூரி லெவாதா என்ற சமூகவியல் அறிஞர். 2003-ல் சர்க்கார் அந்த நிலையத்தின் நிர்வாகத்தைத் தன் கைக்கு மாற்றியபோது, லெவாதாவும் அவருடைய சகாக்களும் வெளியேறித் தனி நிலையம் கண்டார்கள். 2016-ல் அந்தத் தனி நிலையத்துக்கு ‘அந்நியரின் ஏஜண்டு’ என்ற முத்திரை குத்தப்பட்டது.

லெவாதா நிலையத்தார் பொகார்டஸின் படிக்கட்டையே ருஷியருக்கும் வைத்துப் பார்த்தார்கள். யூதர், ஜிப்ஸிகள், மத்திய ஆசியாவிலிருந்து கூலி வேலைக்கு வருவோர் முதலியவர்களை எந்தப் படிவரை அனுமதிப்பீர்கள் என்று கேட்டார்கள். கதவு மிக இறுக்கமாய்ச் சாத்தப்பட்டவர்களில் ஜிப்ஸிகள் முன்னணியில் இருக்கக் கண்டார்கள். 2019-ல் ஸ்டாலினுடைய ஆட்சியைப் பற்றிக் கேட்டபோது, நூற்றுக்கு 70 பேர் அவரால் தேசத்துக்கு நன்மையே விளைந்ததாகச் சொன்னார்கள். லட்சக்கணக்கானோரைச் சிறை முகாம்களுக்கு அனுப்பிய ஆட்சி அது. ஸ்டாலினிடம் பக்தியா, இப்போதுள்ள வாழ்க்கையில் வெறுப்பா, யாரோ கேட்கிறார்களே என்ற எச்சரிக்கையா என்று அந்த எண்ணைப் பிரித்துக் காட்ட யாராலும் முடியவில்லை. 2022-ல் உக்ரெயின் யுத்தம் தொடங்கிய பிறகு, மாறாகப் பேசினாலே சிறை என்ற நிலையில், அங்கே எடுக்கப்படும் கணிப்புகளைப் பற்றிய சந்தேகம் இன்னும் வலுத்துவிட்டது.

நம் தேசத்திலோ, ஜாதியைப் பற்றிக் கேட்டால் சர்க்காருக்குப் பயந்து பதில் சொல்பவன் இல்லை. நாம் பயப்படுவது பெரியப்பாவுக்கும் சம்பந்திக்கும் அண்டை வீட்டாருக்கும். ‘எனக்கு ஒன்றுமில்லை, சார், நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்று சொல்லாத தகப்பனார் உண்டா? அந்த நாலு பேரையும் தனித்தனியே கேட்டால், அவர்கள் ஒவ்வொருவரும் மற்ற மூவரைக் காட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டின் கணக்கு

‘இதெல்லாம் வடநாட்டு விஷயம், சீர்திருத்தம் பிறந்த தமிழ் மண்ணில் இப்படி இல்லை’ என்று எண்ணுகிற நேயர்கள் இருக்கலாம். எண்கள் ஓரளவு அவர்களுக்கு அனுகூலமாகவே இருக்கின்றன. முன் சொன்ன பியூ ஆய்வில், ஜாதி விட்டு மணப்பதைத் தடுப்பது மிகவும் முக்கியம் என்றவர்கள் மத்திய இந்தியாவில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல். தென்னாட்டிலோ மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். தென்னாடு என்றால் தமிழ்நாடு மட்டுமல்ல என்றாலும், வித்தியாசம் பெரிது. மூன்று தலைமுறைகளாக இங்கே செய்யப்பட்ட பிரசாரம் வீண் போகவில்லை என்று சந்தோஷப்படலாம்.

ஆனால் சந்தோஷப்படுவதற்கு முன் இன்னொரு கணக்கையும் திறந்து பார்க்கவேண்டும். 2005-06-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வில் விவாகமானவர்களின் ஜாதி விவரங்கள் உள்ளன. அவற்றைக் கொண்டு ஆராய்ந்தபோது, தமிழ்நாட்டில் ஜாதி விட்டு நடந்த விவாகங்கள் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு என்று தெரிந்தது. தேசத்திலேயே மிகவும் குறைந்த எண்ணிக்கை கண்ட மாகாணங்களில் நம்முடையதும் ஒன்று. தடுக்கவேண்டும் என்று சொல்பவர் குறைவு. தாண்டிச் செல்பவர் அதைவிடக் குறைவு. லாபியேர் கண்ட அமெரிக்கர் வாயால் மறுத்துக் கையால் வரவேற்றார்கள். நாம் வாயால் வரவேற்கிறோம். மணவறைப் படியில் கை தானாகவே நீண்டு மறிக்கிறது.

சில சமயம் அந்தக் கையில் அரிவாளும் இருக்கிறது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே, பட்டப்பகலில், ஜாதி விட்டு மணந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டதைத் தமிழுலகம் முழுதும் படத்தில் பார்த்தது. வெட்டியவர்கள் சிலரே. அவர்களைக் கருத்துக் கணிப்பில் தேடினால் அகப்படமாட்டார்கள். ஆனால் ‘வெட்டியது தப்புத்தான், ஆனாலும் அந்தப் பையன்…’ என்று இழுத்தவர்கள் அநேகர். எந்தக் கணிப்பும் எண்ணாத அந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லில்தான் துவேஷம் பாதுகாப்பாக வாழ்கிறது.

என்ன செய்வது?

கணிப்புகளால் ஆவது என்ன என்று கேட்கலாம். தெர்மாமீட்டர் ஜுரத்தைக் குணப்படுத்துவதில்லை. ஆனால் ஜுரம் இல்லை என்று சாதிக்கும் நோயாளியின் வாயை அடைக்கிறது. ‘தீண்டாமை எங்கே இருக்கிறது?’ என்று கேட்பவருக்கு நூற்றுக்கு 27 என்ற எண் பதில் சொல்கிறது. ஆகையால் இத்தகைய ஆய்வுகள் அடிக்கடி நடக்க வேண்டும். நம் ஜில்லாக்களில், நம் பேச்சுத் தமிழில், நம் வீடுகளின் அமைப்பறிந்து கேள்விகள் இயற்றப்படவேண்டும். பொன்னானியில் விட்டுப்போன குறை தீரும்படி, வெளியே நிறுத்தப்பட்டவர்களை முதலில் கேட்கவேண்டும். எந்தப் படியில் தம்மை மறித்தார்கள் என்பது அவர்களுக்கே திட்டமாகத் தெரியும்.

கணிப்பாளர் நம் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு நாள் இரவு சாப்பாடு முடிந்ததும், குடும்பத்தார் எல்லோருமாக உட்கார்ந்து, தெரு, வாசல், கூடம், அடுக்களை, மணவறை என்று அந்தப் படிக்கட்டை ஒவ்வொன்றாக ஏறிப் பார்க்கலாம். பெரியவர்கள் பதிலைச் சற்று மெருகிட்டுச் சொல்லக்கூடும். ஆகையால் குழந்தைகளை முதலில் கேளுங்கள். வேலைக்கார அம்மாளின் டம்ளர் எந்த ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நாம் சமத்துவத்தைப் பற்றி எத்தனை பாடம் நடத்தினாலும், அவர்கள் மனப்பாடம் செய்வது அந்த டம்ளரைத்தான். நாளைக் காலையில் அதை எடுத்து மற்றப் பாத்திரங்களோடு சேர்த்து அடுக்கிவிட்டால், அடுத்த தடவை வரும் கணிப்பாளருக்கு நம் வீட்டிலாவது உண்மையான பதில் கிடைக்கும்.